சான் லொரென்சோவின் பிள்ளைகளும் மரியா மாண்டிசோரியும்

மாண்டிசோரி என்ற பெயரை நாம் பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர்ப்பலகையில்தான் பார்த்திருப்போம். வண்ணம் பூசிய சுவர்கள், சின்னஞ்சிறு நாற்காலிகள், வேனில் வந்து இறங்கும் குழந்தைகள், அதற்கேற்ற கட்டணம். அந்தப் பெயருக்குத் தனி உரிமையாளர் எவரும் இல்லை. விரும்புகிறவர் தம் பள்ளிக்குச் சூட்டிக்கொள்ளலாம். ஆகவே அது வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளுக்கான ஒரு கல்வி முறை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஆனால் அந்த முறை பிறந்த இடமோ, உரோமை நகரின் மிக ஏழ்மையான குடியிருப்புகளுள் ஒன்று. தாயும் தந்தையும் விடியற்காலையில் கூலி வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளிலும் முற்றத்திலும் நாளெல்லாம் கவனிப்பாரின்றித் திரிந்த ஐம்பது குழந்தைகளே அதன் முதல் மாணவர்கள். அவர்களிடமிருந்து பாடம் கற்ற ஒரு மருத்துவரின் வாழ்வை இங்கே சற்று நினைத்துப் பார்ப்போம்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று, இத்தாலியின் ஆங்கோனா நகருக்கு அருகேயுள்ள கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாந்த்ரோ, அரசு நிதித்துறையின்கீழ் புகையிலைத் தொழிலைக் கவனித்துவந்த அலுவலர். தாய் ரெனில்தே ஸ்தோப்பானி நிறைய வாசித்தவர். மகள் படிக்க வேண்டும் என்பதில் தந்தையைவிட உறுதியாக நின்றவர். குடும்பம் 1875இல் உரோமைக்குக் குடிபெயர்ந்தது. பெண் பிள்ளைகள் ஆசிரியை ஆவதற்கு மேல் ஆசைப்படாத அந்நாளில், மரியா பையன்கள் படிக்கும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் மருத்துவம் படிக்கத் துணிந்தார். ஆண் மாணவர்கள் நடுவே ஒரு பெண் நின்று சடலத்தை அறுத்துப் பார்ப்பது தகாது என்று கருதப்பட்டதால், மற்றவர்கள் போன பிறகு தனியாக அந்த அறையில் நின்று உடற்கூறு கற்றார். 1896 ஜூலையில் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அது சரியன்று, அவருக்கு முன்பே ஒருசிலர் இருந்தனர். அதே ஆண்டு பெர்லினில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இத்தாலியின் சார்பில் பேசி, பெண் தொழிலாளருக்கும் ஆணுக்கு இணையான கூலி வேண்டும் என்று கேட்டார்.

பட்டம் பெற்றபின் உரோமைப் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் பணி. மனநலக் காப்பகங்களுக்குச் சென்று பார்ப்பது அவரது கடமைகளுள் ஒன்று. அங்கே அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு காப்பகத்தில் அக்குழந்தைகள் சாப்பாடு முடிந்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். பேராசை பிடித்த பிள்ளைகள் என்று அங்கிருந்த பணிப்பெண் முகம் சுளித்தாள். மரியா அறையைச் சுற்றிப் பார்த்தார். கையில் எடுத்துப் பார்க்க, உருட்ட, அடுக்க அந்த அறையில் வேறு ஒன்றுமே இல்லை. பசித்தது வயிறு அல்ல, கைகள் என்று அவருக்குப் புரிந்தது என்பார்கள்.

அதன்பின் இத்தார், செகேன் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். இப்படிப்பட்ட குழந்தைகளுக்குத் தொட்டுணரும் பொருள்கள் வழியாகக் கற்பிக்க முடியும் என்று அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டியிருந்தார்கள். 1900இல் இக்குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளி உரோமையில் தொடங்கப்பட்டது. மரியாவும் ஜுசெப்பே மோந்தேசானோ என்ற மருத்துவரும் அதன் இயக்குநர்கள். அங்கே பயின்ற சில பிள்ளைகள், மற்றப் பள்ளிப் பிள்ளைகளோடு அரசுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்து பாராட்டியது. மரியாவின் மனத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. குறையுள்ள பிள்ளைகள் இவ்வளவு முன்னேற முடியுமானால், குறையேதும் இல்லாத பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கி இருக்கிறார்கள்? அந்தக் கேள்வி அவரை விடவில்லை.

இங்கே அவர் வாழ்வின் ஒரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலர் நெடுங்காலம் இதைத் தொடாமலே சென்றனர். மோந்தேசானோவுக்கும் மரியாவுக்கும் 1898 மார்ச் 31 அன்று மாரியோ என்ற மகன் பிறந்தான். அவர்கள் திருமணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்று தெரிந்தால் அக்காலத்தில் ஒரு பெண் மருத்துவர் வேலையையும் மதிப்பையும் ஒரே நாளில் இழந்திருப்பார். ஆகவே குழந்தை உரோமைக்கு வெளியே ஒரு நாட்டுப்புறக் குடும்பத்தில் வளர்க்கக் கொடுக்கப்பட்டது. தாய் அவ்வப்போது போய்ப் பார்ப்பார். வந்து போகும் அந்தப் பெண் யார் என்று குழந்தைக்குத் தெரியாது. 1901இல் மோந்தேசானோ வேறொரு பெண்ணை மணந்துகொண்டார். மரியா அந்தப் பள்ளியை விட்டே வெளியேறினார். மாரியோ தாயோடு வந்து சேர்ந்தது 1913இல்தான். அப்போது அவனுக்கு வயது பதினைந்து. அதன் பிறகும் நெடுங்காலம் வெளியாரிடம் உறவினர் பையன் என்றே சொல்லப்பட்டான். மூன்று வயதுக் குழந்தையை எப்படிக் கவனிப்பது என்று உலகுக்குக் காட்டிய தாய், தன் மகனின் மூன்றாம் வயதை அருகிருந்து பார்க்கவில்லை. இதில் தீர்ப்பிடுவது நம் வேலையன்று. பங்குகளில் பணியாற்றுகிற எவரும் இப்படிப்பட்ட ஒரு பெண்ணையாவது, அவளோடு சேர்ந்து சுமக்க மறுத்த ஓர் ஆணையாவது அறிந்திருப்பர்.

இனி சான் லொரென்சோ. மறைசாட்சியான புனித லாரன்ஸ் அடக்கம் செய்யப்பட்ட பேராலயத்துக்கும் உரோமையின் பெரிய கல்லறைத் தோட்டத்துக்கும் பக்கத்தில், பழைய நகர மதிலுக்கு வெளியே அமைந்த பகுதி அது. 1880களில் உரோமையில் வீடு கட்டி விற்கும் மோகம் தலைக்கேறியது. பிறகு ஒரே வீழ்ச்சி. வங்கிகள் முறிந்தன; அங்கே பல கட்டடங்கள் கதவும் சன்னலும் தண்ணீரும் இன்றி அரைகுறையாய் நின்றன. அவற்றுள் வேலை தேடி வந்தவர்களும் வீடற்றவர்களும் புகுந்தனர். வாடகைக்கு எடுத்தவர் அறைகளை உள்வாடகைக்கு விட்டார். அந்த அறையின் மூலைகள்கூட மறுபடியும் வாடகைக்கு விடப்பட்டன. இதன்பின் உரோமை நிலச் சொத்து நிறுவனம் ஒன்று அங்கே 58 கட்டடங்களை வாங்கிச் சீரமைத்தது. ஏறத்தாழ 1,600 சிறு குடியிருப்புகள். எதுவார்தோ தாலமோ என்ற பொறியாளர் அதன் தலைவர்.

சுவர்களுக்கு வெள்ளையடித்தாயிற்று, படிகளைச் சரிசெய்தாயிற்று. ஆனால் பெற்றோர் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது வராத குழந்தைகள் அந்தச் சுவர்களைக் கீறினார்கள், படிகளை உடைத்தார்கள். பழுது பார்க்கும் செலவு நிற்கவில்லை. இந்தக் குழந்தைகளை ஓர் அறையில் உட்கார்த்தி வைத்து ஓர் ஆளைக் காவல் போட்டால், பழுதுக்கு ஆகும் பணத்திலேயே அதை நடத்திவிடலாம் என்று தாலமோ கணக்குப் போட்டார். பொறுப்பேற்க மரியா மாண்டிசோரியை அழைத்தார். ஆம், இரக்கத்தால் மட்டும் பிறந்த பள்ளி அல்ல அது. சுவரைக் காப்பாற்றப் போட்ட கணக்கிலும் பிறந்தது. நல்ல காரியங்கள் பலவும் இப்படித்தான் தொடங்குகின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா. நாம் மூன்று இராசாக்கள் திருநாள் என்று கொண்டாடும் அதே நாள். மார்சி தெரு 58ஆம் எண் கட்டடத்தின் ஓர் அறையில் அந்தப் பள்ளி திறக்கப்பட்டது. மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான ஐம்பதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். முரட்டுத் துணியில் தைத்த ஒரே மாதிரி உடை, மிரண்ட கண்கள், அழுகை. பலர் வாயே திறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு வந்த மருத்துவர் அன்றைய திருப்பலியின் எசாயா வாசகத்தையே அங்கே வாசித்தார். எருசலேமின்மீது ஒளி உதிப்பதைப் பற்றிய வாசகம் அது. வந்திருந்தவர்களுக்குச் சற்று மிகையாகப்பட்டிருக்கும். பிள்ளைகள் இல்லம் என்ற பெயர் அப்பள்ளிக்கு அமைந்தது. இத்தாலிய மொழியில் காசா தெய் பம்பீனி.

அங்கே அமர்த்தப்பட்ட பெண் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர். பிள்ளைகளுக்கு என்ன தெரியும், தெரியாது என்ற முன்முடிவு இல்லாத ஒருவர் போதும் என்று மரியா நினைத்தார். அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்காகச் செய்த பொருள்களையே இங்கும் கொண்டுவந்து வைத்தார். பிறகு நடந்ததைக் கவனித்தார். கவனித்ததே அவரது பெரிய வேலை.

மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் வெவ்வேறு பருமனுள்ள உருளைகளைப் பொருத்தும் விளையாட்டில் இருந்தாள். பொருத்துவாள், கலைப்பாள், மீண்டும் பொருத்துவாள். மரியா மற்றக் குழந்தைகளை அவளைச் சுற்றிப் பாடச் சொன்னார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்து முடித்து, நன்றாகத் தூங்கி எழுந்தவள்போல் முகமலர்ந்து நிமிர்ந்தாள். குழந்தைக்கு ஐந்து நிமிடம்கூட மனம் ஒன்றாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

இன்னொரு நாள் பொருள்கள் வைத்திருந்த அலமாரியைப் பூட்ட ஆசிரியை மறந்துவிட்டார். அவர் வருமுன் குழந்தைகள் அவரவர்க்கு வேண்டியதை எடுத்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். திருட்டு என்றார் ஆசிரியை. இவர்களுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியும் என்று கண்டார் மரியா. அன்று முதல் பூட்டுள்ள அலமாரி போய், குழந்தையின் கை எட்டும் உயரத்தில் திறந்த தாழ்வான அலமாரி வந்தது. இன்று உலகெங்கும் பாலர் பள்ளிகளில் நாம் காணும் அந்தத் தாழ்ந்த அலமாரியின் கதை இதுவே.

நம் மனத்தைத் தொட்டது மூக்குச் சிந்தும் பாடம். ஒருநாள் மரியா குழந்தைகளுக்குக் கைக்குட்டையை எப்படி மடித்துப் பிடிப்பது, ஓசையின்றி எப்படி மூக்கைச் சிந்துவது என்று செய்து காட்டினார். வேடிக்கையாகத்தான் தொடங்கினார். ஒரு குழந்தையும் சிரிக்கவில்லை; உற்றுப் பார்த்தார்கள். முடிந்ததும் கைதட்டினார்கள். மூக்கு ஒழுகுகிறது என்று நாள்தோறும் ஏச்சு வாங்கும் பிள்ளைகள் அவர்கள். எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்ததில்லை. ஏழைக் குழந்தைக்குத் தன்மானம் உண்டு, மூன்று வயதிலேயே உண்டு என்பதை அந்தக் கைதட்டல் அவருக்குச் சொல்லிற்று.

எழுதப் படிக்கக் கற்பிக்கும் எண்ணம் முதலில் அவருக்கு இல்லை. எழுத்தறிவில்லாத தாய்மார்களே வந்து கேட்டார்கள். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, விரலால் தடவி உணரச் செய்தார். சில மாதங்கள் சென்றன. குளிர்காலத்தில் வெயில் அடித்த ஒரு நாள், மொட்டைமாடியில் ஒரு சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தவன் அப்படியே சொற்களை எழுதத் தொடங்கினான். எனக்கு எழுத வருகிறது என்று கத்தினான். மற்றவர்களும் சுண்ணக்கட்டி கேட்டு மொய்த்துக்கொண்டார்கள். நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள். இச்செய்தி நாளிதழ்களில் வந்ததும் சான் லொரென்சோவைப் பார்க்க வெளிநாட்டார் வண்டி கட்டிக்கொண்டு வந்தனர்.

இவற்றையெல்லாம்விட முக்கியம் என்று நாம் கருதுவது, அந்தப் பள்ளியின் சுவரில் தொங்கிய விதிகள். கட்டணம் இல்லை. ஆனால் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்புவது தாயின் கடமை. வாரம் ஒருமுறையேனும் தாய் வந்து ஆசிரியையிடம் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். ஆசிரியை அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும்; எந்தத் தாயும் எந்நேரமும் அவர் வீட்டுக் கதவைத் தட்டலாம். ஒரு மருத்துவரும் பிள்ளைகளைக் கவனித்துவந்தார். ஏழைகளுக்கு ஏதோ கொடுத்துவிட்டுப் போகும் ஏற்பாடு அல்ல இது. பெற்றோரை மதித்து, அவர்களிடமும் கேட்டு வாங்கும் ஏற்பாடு. தருமம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கேட்கத் தயங்குகிறார்கள். கேட்பதிலும் ஒரு மரியாதை இருக்கிறது.

1908 டிசம்பர் 28 அன்று தென் இத்தாலியின் மெசினா நகரைப் பூகம்பம் அழித்தது. இடிபாடுகளில் தனியே கிடந்த சிறு குழந்தைகள் ஏறக்குறைய அறுபது பேர் உரோமையில் ஜுஸ்தி தெருவிலுள்ள பிரான்சிஸ்கன் மரியின் மறைப்பணியாளர் சபை மடத்துக்குக் கொண்டுவரப்பட்டனர். எஃப்.எம்.எம். சகோதரிகள் என்று நாம் அழைக்கும் அதே சபை. 1877இல் நமது உதகமண்டலத்தில் அன்னை பாசியோன் மரியாள் தொடங்கிய சபை. அக்குழந்தைகளில் பலருக்குத் தங்கள் பெயரே தெரியவில்லை. பேசவில்லை, சாப்பிடவில்லை, இரவில் அலறினார்கள். மாண்டிசோரி முறையில் அவர்களுக்கென ஓர் இல்லம் அமைந்தது. அவலத்தில் வந்த பிள்ளைகள்தாமே என்று தகரத் தட்டும் பழைய துணியும் கொடுக்கவில்லை. வண்ணம் தீட்டிய சிறு மேசைகள், விரிப்புகள், பூச்சாடிகள், நல்ல தட்டுகள். பரிமாறவும், தண்ணீர் சிந்தாமல் நடக்கவும், ஒருவருக்கொருவர் மரியாதை செய்யவும் சகோதரிகள் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தனர். நாளடைவில் பிள்ளைகள் பசித்துச் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், தோட்டத்தில் ஓடினார்கள்.

1909இல் முதல் ஆசிரியர் பயிற்சி, முதல் நூல். 1912இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு. புகழ் பரவப் பரவ அந்த முறை ஏழைகளை விட்டு நகரத் தொடங்கியது. ஒருசில ஆண்டுகளுக்குள் தாலமோவின் நிறுவனத்தோடு மரியாவின் உறவு முறிந்தது. சான் லொரென்சோ அவர் கையைவிட்டுப் போயிற்று. அமெரிக்காவில் 1911இல் திறந்த முதல் மாண்டிசோரி பள்ளி, நியூயார்க் நகருக்கு அருகே செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கானது. பயிற்சி தருவதையும் கருவிகள் செய்வதையும் அவர் தம் கட்டுப்பாட்டிலேயே வைத்திருந்தார். முறை திரிந்துவிடக் கூடாதே என்ற அச்சம் நியாயமானது. பல்கலைக்கழகப் பணியை விட்டுவிட்ட அவருக்கு வேறு வருமானமும் இல்லை. ஆயினும் அதன் விளைவாகக் கருவிகள் விலை கூடின, பயிற்சி சிலருக்கே கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

முற்றிலும் அப்படியே ஆகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. முதல் உலகப் போருக்குப் பின், 1922இல், வியன்னாவின் தொழிலாளர் குடியிருப்புப் பகுதியில் இளம்பெண்கள் சிலர் பிள்ளைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினர். 1938இல் நாத்சிகள் வந்து மூடும்வரை அது நடந்தது. நம் காலத்தில், அமெரிக்காவில் வறுமை மிகுந்த ஹார்ட்ஃபோர்டு நகரின் அரசு மாண்டிசோரி பள்ளிகளில் குலுக்கல் முறையில் இடம் தரப்படுவதைப் பயன்படுத்தி, இடம் கிடைத்தவர், கிடைக்காதவர் என 141 குழந்தைகளை மூன்று வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து 2017இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாண்டிசோரி பள்ளியில் படித்த ஏழைக் குழந்தைகள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் தங்களுக்கும் இருந்த இடைவெளியைப் பெருமளவு குறைத்திருந்தனர். சான் லொரென்சோவில் கண்டது தற்செயல் அல்ல என்று இதைப் படித்தபோது நமக்குத் தோன்றியது.

திருச்சபை அவரை எப்படிப் பார்த்தது? ஒரே குரலில் அல்ல. குழந்தைக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தால் பிறப்புநிலைப் பாவம் பற்றிய போதனை என்னாவது என்று கத்தோலிக்க எழுத்தாளர் சிலர் கண்டித்தனர். மறுபுறம் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் 1918இல் அவருக்கு ஆசி வழங்கினார். பார்சலோனாவில் அவரது வழிகாட்டலில் குழந்தைகளுக்கெனச் சிற்றாலயம் அமைந்தது. அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்று உணர, குழந்தைகளே கோதுமையை விதைத்து அறுத்தார்கள், திராட்சைக் கொடி வளர்த்தார்கள். மறைக்கல்வி ஆசிரியர்கள் இன்றும் செய்து பார்க்கத்தக்கது இது.

முசோலினியின் ஆதரவை அவர் 1924 முதல் ஏற்றுக்கொண்டார். பள்ளிகள் பெருகும் என்று நம்பினார், பெருகவும் செய்தன. குழந்தைகளைச் சீருடை மாட்டிப் படைவீரராக்கும் ஆட்சியோடு அந்த உறவு எத்தனை நாள் நிற்கும்? 1934இல் முறிந்தது, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. செர்மனியிலும் அதே கதை. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டதும் பார்சலோனாவையும் விட்டு நெதர்லாந்துக்குப் போனார்.

இதற்கிடையே 1931 அக்டோபரில், வட்டமேசை மாநாட்டுக்காக இலண்டன் வந்திருந்த காந்தியடிகள், அங்கே மாண்டிசோரி ஆசிரியர் பயிற்சி நிலையத்துக்குச் சென்றார். குழந்தைகளின் அமைதியான பணிகளைப் பார்த்து நெகிழ்ந்தார். ஆனால் இந்தியாவின் அரைவயிற்றுக் கிராமங்களில் உள்ள பல இலட்சம் குழந்தைகளை நினைத்தே பேசினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இத்தகைய பயிற்சி கிட்டும் வழி வேண்டும் என்ற ஏக்கத்தை வெளியிட்டார்.

அந்த ஏக்கத்துக்கு விடை சொன்னவர் மகாராட்டிரத்தில் இருந்தார். மாண்டிசோரி முறையை முன்னரே கற்றுத் தேர்ந்திருந்த தாராபாய் மோடக், நகரப் பள்ளிகளை விட்டு, 1945இல் போர்டி என்ற கிராமத்தில் குடியேறினார். அனுதாய் வாக் என்ற பெண்மணி உடனிருந்தார். பழங்குடியினர் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. அப்படியானால் பள்ளி பிள்ளைகளிடம் போகட்டும் என்று அவர்கள் குடிசை முற்றங்களிலேயே பாடம் நடத்தினார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் விதைகள், கூழாங்கற்கள், இலைகள், களிமண். முற்றத்தில் நடக்கும் பள்ளி என்பதால் அதற்கு அங்கன்வாடி என்று பெயர் வைத்தார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கியபோது அந்தப் பெயரே நாடெங்கும் பரவியது. நம் தெருமுனையில் சத்துமாவுக்கும் முட்டைக்கும் என்று மட்டும் நாம் நினைத்திருக்கும் அங்கன்வாடியும், ஊருக்கு நடுவே கட்டணம் வாங்கும் மாண்டிசோரி பள்ளியும் ஒரே வேரில் கிளைத்தவை.

மரியாவே தமிழகம் வந்தது 1939 நவம்பரில். வயது 69. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைத்திருந்தனர். சென்னை அடையாறில் ஓலைக் கொட்டகைகளில், ஏறத்தாழ 300 ஆசிரியர்கள் பாயில் அமர்ந்து கேட்டார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் சொன்னார். பிரம்மஞான சபையாரின் விருந்தினராக இருந்ததால் அவர் மதம் மாறிவிட்டார் என்றும் பேச்சு எழுந்தது. அவர் இறுதிவரை தம்மைக் கத்தோலிக்கர் என்றே சொல்லிவந்தார்.

சில மாதங்களுக்கென வந்தவர் மாட்டிக்கொண்டார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கில அரசுக்கு அவர்கள் எதிரி நாட்டார் ஆயினர். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாறு எல்லையைத் தாண்டக் கூடாது. அவ்வாண்டு ஆகஸ்டு 31 அன்று அவருக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனைத் திருப்பி அனுப்புவதாக அதில் இருந்தது. உறவினர் பையன் என்றோ வளர்ப்பு மகன் என்றோ உலகம் சொல்லிவந்தவரை, அரசாங்கம் வெளிப்படையாக மகன் என்று குறித்தது.

பின்னர் தாயும் மகனும் 1942 முதல் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கினர். அங்கே சிறு பள்ளி ஒன்றை நடத்தி, மலைப்பாதையில் பிள்ளைகள் பொறுக்கி வந்த இலை, பூச்சி, கல் முதலியவற்றிலிருந்தே பாடம் அமைத்தனர். அவர் இந்தியாவில் இருந்த அந்நாள்களில், 1943 ஜூலை 19 அன்று, நேச நாட்டு விமானங்கள் சான் லொரென்சோவின் மீது குண்டு பொழிந்தன. மக்கள் பெருந்தொகையாக மாண்டனர், பேராலயமும் இடிந்தது. திருத்தந்தை 12ஆம் பயஸ் வத்திக்கானிலிருந்து வெளியே வந்து அந்தத் தெருவில் மக்களோடு நின்று செபித்தார்.

பிறந்த நாள் முதல் மூன்று வயது வரையிலான பருவத்தின்மீது அவர் கவனம் முழுமையாகத் திரும்பியது நம் நாட்டில் இருந்தபோதுதான். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகள் 1949இல் அடையாறிலிருந்து நூலாக வந்தன. குழந்தை கற்பிக்கப்படுவதில்லை, சுற்றியுள்ள அனைத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆறு வயதில் பள்ளி தொடங்கும்போது பெரும்பகுதி முடிந்துவிட்டிருக்கிறது என்பது அதன் சாரம். ஆறு வயதுக்கு முன் ஏழைக் குழந்தைக்குத் தரப்படாததைப் பின்னால் உதவித்தொகையாலும் தனிப்பயிற்சியாலும் ஈடுசெய்ய நாம் படும் பாட்டை எண்ணும்போது, இந்த வாதத்தின் கனம் தெரிகிறது.

1946இல் ஐரோப்பா திரும்பியவர் 1947இல் மீண்டும் இந்தியா வந்தார். 1949 வரை இங்கும் இலங்கையிலும் பாகிஸ்தானிலும் பயிற்சி நடத்தினார். அமைதிக்கான நோபல் பரிசுக்கு மும்முறை பரிந்துரைக்கப்பட்டார், கிடைக்கவில்லை. இத்தாலி அவர் படத்தை 1990இல் ஆயிரம் லீரா பணத்தாளில் அச்சிட்டது. யூரோ வரும்வரை, 2002 வரை, அந்நாட்டில் அதிகம் புழங்கிய சிறு பணத்தாள் அது.

1952 மே 6 அன்று நெதர்லாந்தின் கடலோர ஊரான நோர்ட்விக்கில் அவரும் மாரியோவும் பேசிக்கொண்டிருந்தனர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் நாட்டிலிருந்து, இன்றைய கானாவிலிருந்து, ஆசிரியர் பயிற்சிக்கு அழைப்பு வந்திருந்தது. பிள்ளைகளுக்கு உதவி மிகத் தேவைப்படும் இடம் அதுதான், போவோம் என்றார் 81 வயதுத் தாய். பயணம் உடம்புக்கு ஆகாது என்றார் மகன். சற்று நேரம் மாரியோ அறையைவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது உயிர் பிரிந்திருந்தது. அவ்வூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அவர் எழுதி வைத்திருந்த உயிலில் தம் உடைமைகளையும் பணியையும் மாரியோவிடம் ஒப்படைத்திருந்தார். அதில் அவரை மகன் என்றே எழுதியிருந்தார்.